பட்டறை கேள்வி-பதில்: ஆட்டம் எங்கே என்று பார்த்த பிறகு ஸ்பானரை எடுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய டரட் மில்லிங் மெஷினை, அதாவது சுற்றும் கட்டரால் உலோகத்தைச் சீவும் மெஷினைப் பற்றியவை. நம் பட்டறைகளில் எம்1டிஆர் என்று சொல்கிறோமே, அதுதான். அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் கம்பெனி 1938-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த அமைப்பின் வழியில் வந்தது. தூண், அதில் ஏறி இறங்கும் 'நீ', அதன்மேல் குறுக்கே போகும் சேடில், சேடில்மேல் நீளவாக்கில் போகும் டேபிள், உச்சியில் கட்டரைச் சுற்றும் ஸ்பிண்டிலோடு சாய்க்கக்கூடிய ஹெட். கீழே உள்ள அளவுகள் மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறலாம். சோதிக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கையை உள்ளே விடும் எந்த வேலைக்கும் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

எங்கள் மெஷினில் நீளவாட்டு ஹேண்டிலைத் திசை மாற்றித் திருப்பினால் 0.9 மி.மீ. வரை டேபிள் அசைவதே இல்லை. லீட் ஸ்க்ரூ நட்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் சரியாகிவிடுமா ஐயா?
– வாசகர், கணபதி, கோவை

நட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன், அந்த 0.9 எங்கெங்கே பிரிந்து கிடக்கிறது என்று பாருங்கள். திசை மாற்றும்போது வீணாகும் இந்த ஆட்டத்துக்குப் பெயர் பேக்லாஷ். அது மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும்: ஹேண்டில் பக்கத்து பேரிங், நட், டேபிளை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவின் மரை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதலில் பேரிங். ஸ்க்ரூ முனையில் சென்டர் ஹோல் இருக்கும். அதில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஒரு ஸ்டீல் பால் ஒட்டுங்கள். மேக்னெட் ஸ்டாண்டை டேபிள்மேல் வைத்து, டயல் கேஜின் முனை அந்த பாலைத் தொடும்படி நிறுத்துங்கள். டேபிள் லாக்கை லேசாகப் பிடித்துவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். முள் அசைந்தால் ஸ்க்ரூவே முன்னும் பின்னும் போகிறது, அதாவது பேரிங்கில் ஆட்டம். பல நேரம் காரணம் மிகச் சாதாரணமானது. ஹேண்டில், காலர் (அளவுக் கோடு போட்ட வளையம்), பேரிங் உள்வளையம் எல்லாவற்றையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் முனை நட் தளர்ந்திருக்கும். அதை இறுக்கி மறுபடி அளவெடுங்கள். அப்படியும் ஆட்டம் இருந்தால் பேரிங் ஜோடியை மாற்ற வேண்டும்.

அடுத்தது நட். மேக்னெட்டைச் சேடிலில் வைத்து, டயல் முனையை டேபிளில் தொடவிடுங்கள். ஹேண்டிலை ஒரு திசையில் திருப்பி, முள் நகரத் தொடங்கியதும் காலரைச் சைபர் செய்யுங்கள். பிறகு திசை மாற்றி, முள் மீண்டும் நகரும் வரை காலரில் எவ்வளவு போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதை டேபிளின் இடது கடைசி, நடு, வலது கடைசி என மூன்று இடத்திலும் செய்யுங்கள். நடுவில் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு.

உங்கள் மெஷினில் நடுவில் 0.9, ஓரங்களில் 0.55, அதில் பேரிங் பங்கு 0.25 என்று வைத்துக்கொள்வோம். பேரிங்கைச் சரிசெய்தால் நடுவில் 0.65, ஓரத்தில் 0.3 மிஞ்சும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.35. அது ஸ்க்ரூ மரையின் நடுப்பகுதி தேய்ந்த அளவு. வேலை முழுக்க நடுவிலேயே நடப்பதால் அந்த இடம்தான் மெலிகிறது. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் இந்த 0.35 போகாது. ஓரத்தில் மரை தடிமனாக இருப்பதால், நடுவுக்குச் சரியாக இறுக்கிய நட் ஓரத்தில் சிக்கிக்கொள்ளும்.

அதனால் நட்டை எப்போதும் ஓரத்தில் வைத்தே அட்ஜஸ்ட் செய்யுங்கள். பெரும்பாலான டரட் மெஷின்களில் வெண்கல நட்டின் குறுக்கே பாதி வரை ஓர் அறுப்பு இருக்கும். நட்டின் முகத்தில் இரண்டு ஸ்க்ரூ. அவற்றை இறுக்கினால் அறுப்பு மூடி, நட்டின் முன்பாதி ஸ்க்ரூ மரையின் ஒரு பக்கத்தையும் பின்பாதி மறுபக்கத்தையும் பிடிக்கும். இரண்டையும் சமமாக, ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் டேபிளை முழு நீளத்துக்கு ஓட்டிப் பாருங்கள். ஓரத்தில் 0.05 வந்ததும் நிறுத்துங்கள். அப்போது நடுவில் 0.4 இருக்கும். 0.9-ல் இருந்து 0.4-க்கு வந்தது ஒரு பைசா பொருள் வாங்காமல்.

சைபர் வரவேண்டும் என்று முறுக்காதீர்கள். கையால் ஓட்டும் மெஷினில் 0.1 பேக்லாஷ் குறையே இல்லை. சைபருக்கு இறுக்கிய வெண்கல நட் எண்ணெய்ப் படலத்தைப் பிழிந்து தள்ளிவிட்டு உலோகத்தோடு உலோகம் உரசும். சில மாதத்தில் பழைய நிலைக்கே வந்துவிடும்.

உங்கள் கேள்விக்கு நேர் பதில்: அறுப்பு ஏற்கெனவே முழுக்க மூடிவிட்டது என்றால் நட் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஓரம்-நடு வித்தியாசம் 0.3-ஐத் தாண்டினால் நட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு. ஸ்க்ரூவையும் நட்டையும் ஜோடியாகச் செய்யக் கொடுங்கள். அதுவரை டவுன் மில்லிங் வேண்டாம். கட்டர் சுற்றும் திசையும் டேபிள் போகும் திசையும் ஒன்றானால், கட்டர் அந்த 0.4 மி.மீ. காலி இடத்துக்குள் டேபிளைத் திடீரென்று இழுத்துக்கொள்ளும். ஒரு பல் வெட்ட வேண்டிய அளவு பல மடங்காகி எண்ட் மில் உடையும், ஜாப் வைஸிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஃபினிஷுக்கு 0.1 மி.மீ. மட்டும் எடுக்கும்போது டேபிள் லாக்கை அரைப்பிடி பிடித்துக்கொண்டு ஓட்டலாம்.

டேபிள் நடுவில் லொடலொட என்று ஆடுகிறது, ஓரத்துக்குப் போனால் இறுகுகிறது. கிப்பை இறுக்கி இறுக்கி இப்போது ஸ்க்ரூவில் மரையே மிச்சமில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், அம்பத்தூர்

கிப் என்பது சறுக்கும் முகங்களுக்கு நடுவே இடைவெளியை நிரப்பும் பட்டை. டேபிளுக்கு அது டேப்பராக, ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து இருக்கும். தடிமனான பக்கத்தில் உள்ள ஸ்க்ரூ அதை உள்ளே தள்ளத் தள்ள, டேபிள் சறுக்கும் சரிவுப் பள்ளமான டவ்டெயிலில் இடைவெளி குறையும். கிப்பின் சரிவு 1:50 என்றால், 0.1 மி.மீ. தேய்மானத்தை ஈடுகட்ட கிப் 5 மி.மீ. உள்ளே போக வேண்டும். 20 வருட ஓட்டத்தில் அது எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவின் தலை முட்டி நின்றிருக்கும்.

கிப்பை வெளியே எடுங்கள். ஒரு பக்கம் பளபளவென்று இருக்கும், அது சறுக்கும் பக்கம். மறுபக்கம் மங்கலாக இருக்கும், அது நிலையாக ஒட்டி நிற்கும் பக்கம். அந்த மங்கல் பக்கத்தில்தான் பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும். அசிட்டோனால் எண்ணெய் போகத் துடைத்து, எமரி தாளால் சொரசொரப்பாக்கி, எபாக்ஸி தடவி, முழு நீளத்துக்கும் ஒரே துண்டு ஷிம் ஒட்டுங்கள். நேரான பட்டை இரண்டுக்கு நடுவே வைத்து கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். 0.2 மி.மீ. ஷிம் போட்டால் கிப் 10 மி.மீ. வெளியே வந்து நிற்கும், அட்ஜஸ்ட் செய்ய மரை கிடைக்கும். துண்டு துண்டாக ஷிம் வைக்காதீர்கள். நடுவில் தாங்கல் இல்லாத இடத்தில் கிப் வளையும்.

மறுபடி போட்டபின், டேபிள் லாக்கைத் தளர்த்தி, எண்ணெய் பம்ப் செய்து, டேபிளை நாலைந்து தடவை கடைசிக்குக் கடைசி ஓட்டுங்கள். பிறகு இறுகும் இடத்தில் டேபிளை நிறுத்தி, அங்கே சின்ன இழுவை தெரியும் வரை கிப்பைத் தள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஸ்க்ரூ உள்ள மாடலில், ஒன்றைத் தளர்த்திவிட்டு மற்றதை இறுக்கி, கடைசியில் தளர்த்தியதையும் முட்டப் பிடியுங்கள். ஒற்றை ஸ்க்ரூ மாடலில் கிப்பின் பள்ளத்தில் ஸ்க்ரூ தலை பொருந்தி நிற்கும். அந்தப் பள்ளம் தேய்ந்து அகன்றிருந்தால் கிப் டேபிளோடு சேர்ந்து முன்னும் பின்னும் நழுவும். ஒரு திசையில் ஹேண்டில் கனமாகவும் எதிர்த்திசையில் லேசாகவும் இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். பள்ளம் தேய்ந்திருந்தால் அதில் ஒரு மெல்லிய வாஷரைப் பொருத்தினால் தீரும்.

கடைசிச் சோதனை: டயலைச் சேடிலில் நிறுத்தி, டேபிளின் முன்முகத்தில் ஓரமாகத் தொடவிட்டு, டேபிள் முனையைக் கையால் தள்ளி இழுங்கள். 0.02-க்குள் இருந்தால் நல்ல நிலை. ஓரத்தில் இறுக்கமும் நடுவில் 0.08, 0.1 ஆட்டமும் தொடர்ந்தால், அது கிப்பால் தீராத தேய்மானம். அடுத்தடுத்த பதில்களில் வரும் ஸ்க்ரேப்பிங்தான் (கையால் சுரண்டி முகத்தை நேராக்குவது) வழி.

டிஆர்ஓ மாட்டிவிட்டால் பேக்லாஷ் தொல்லை போய்விடும் என்கிறார்களே?
– வாசகர், ஓசூர்

அளவு எடுக்கும் தொல்லை போகும். டிஆர்ஓ (டிஜிட்டல் ரீட்அவுட்) கருவியின் ஸ்கேல் டேபிள் இருக்கும் இடத்தை நேரடியாகக் காட்டுவதால் ஸ்க்ரூ ஆட்டம் கணக்கில் வராது. ஆனால் கட்டர் டேபிளை இழுப்பதை அது தடுக்காது. டேபிள் சாய்வதும் அதற்குத் தெரியாது. நல்ல டிஆர்ஓ வாங்குங்கள், ஆனால் நட்டையும் கிப்பையும் சரிசெய்துவிட்டு மாட்டுங்கள்.

400 மி.மீ. நீளப் பட்டையின் மேல்முகத்தை எடுத்தால் நடுவில் 0.03 மேடாக நிற்கிறது. ஹெட்டைப் பலமுறை டிராம் செய்துவிட்டோம் (டேபிளுக்குச் செங்குத்தாக நிறுத்திவிட்டோம்). மாறவில்லை.
– வாசகர், திருவெறும்பூர், திருச்சி

ஹெட் சாய்ந்திருந்தால் வரும் குறை வேறு மாதிரி இருக்கும். நீளவாட்டு ஓட்டத்தில் ஹெட் இடம்-வலமாகச் சாய்ந்திருந்தால் வெட்டிய பாதை அகலவாக்கில் குழிவாக வரும். முன்-பின்னாகச் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு படி தெரியும். நீளவாக்கில் நடு மேடு என்றால் கண் ஸ்லைடுவே (டேபிள் சறுக்கும் முகங்கள்) பக்கம் திரும்ப வேண்டும்.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கிளாம்ப் போட்ட நிலையிலேயே டயலை ஸ்பிண்டிலில் மாட்டி, அதே முகத்தில் ஓட்டிப் பாருங்கள். பிறகு பட்டையைக் கழற்றி சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமான சமதளப் பலகை) அளந்து பாருங்கள். மெஷினில் ஓட்டியபோது டயல் எதுவும் காட்டாது, ஏனென்றால் வெட்டிய அதே வளைந்த பாதையில்தான் அது போகிறது. பிளேட்டில் மேடு தெரியும். இது ஸ்லைடு தேய்மானத்துக்கும் பொருந்தும், பட்டை உள்ளழுத்தம் விடுபட்டு வளைவதற்கும் பொருந்தும். பிரித்துக்காட்ட ஸ்பிரிட் லெவல் வேண்டும்.

0.1 மி.மீ./மீட்டர் பிரிவுள்ள பிரிசிஷன் லெவலை டேபிளின் நடுவில் நீளவாக்கில் வையுங்கள். டேபிளை 400 மி.மீ. ஓட்டுங்கள், நடுவிலிருந்து இரு பக்கமும் 200. குமிழ் மொத்தம் எத்தனை பிரிவு நகர்ந்தது என்று எண்ணுங்கள். மேட்டின் உயரம் = நீளம் × சாய்வு மாற்றம் ÷ 8. குமிழ் 6 பிரிவு போனால் சாய்வு மாற்றம் மீட்டருக்கு 0.6 மி.மீ.; 400 × 0.0006 ÷ 8 = 0.03. உங்கள் அளவுக்கு இது அப்படியே ஒத்துவந்தால் குற்றவாளி ஸ்லைடுதான். குமிழ் ஒன்றிரண்டு பிரிவுதான் அசைகிறது என்றால் பட்டையையும் வைஸையும் கவனியுங்கள். சோதனையின்போது இன்னொரு லெவலை 'நீ' மேல் வைத்திருங்கள். டேபிள் எடை நகரும்போது மெஷினே தரையில் சாய்ந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

தேய்மானம் இப்படி வருகிறது. டேபிள் ஓரத்துக்குப் போகும்போது அதன் எடை வெளியே தொங்கி, சேடிலின் இரண்டு விளிம்பையும் அமுக்குகிறது. அதனால் சேடிலின் மேல்முகம் விளிம்பில் தேய்ந்து முதுகு வளைந்து நிற்கும். டேபிளின் அடிமுகமோ, எப்போதும் சேடில்மேல் நிற்கும் நடுப்பகுதியில் குடைந்திருக்கும். குடைந்த டேபிள் வளைந்த முதுகின்மேல் ஊஞ்சல்போல் போகிறது. நடுப்பகுதி கட்டருக்குக் கீழே வரும்போது டேபிள் தாழ்ந்து, ஓரம் வரும்போது உயர்கிறது. ஓரம் அதிகமாக வெட்டுப்படுகிறது, நடு மிஞ்சுகிறது.

இதற்கு ஸ்க்ரேப்பிங்கைத் தவிர நேர்மையான வழி கிடையாது. டேபிளைக் கழற்றி, அடிமுகத்தை முதலில் சர்ஃபேஸ் பிளேட்டிலோ நீளமான ஸ்ட்ரெய்ட் எட்ஜிலோ ப்ளூ மேட்ச் செய்து, அதாவது நீல மை தடவித் தொடும் இடத்தைப் பார்த்துச் சுரண்டி நேராக்குங்கள். ப்ளூவை மெல்லியதாகத் தடவுங்கள், தடித்தால் தொடாத இடமும் நீலமாகி ஏமாற்றும். ஒரு பாஸில் ஸ்க்ரேப்பர் எடுப்பது சில மைக்ரான்தான், பொறுமை வேண்டும். 25 மி.மீ. சதுரத்தில் 10 முதல் 15 தொடும் புள்ளி சீராக வந்தால் போதும். நேரான டேபிளை அளவுகோலாக வைத்துச் சேடிலை அதற்கு மேட்ச் செய்யுங்கள். சேடிலில் வேலை நடக்கும்போதே நீளவாட்டு ஓட்டமும் குறுக்கு ஓட்டமும் செங்கோணத்தில் இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். எல்லாம் முடிந்தபின் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

பலர் மறக்கும் ஒன்று: மேலும் கீழும் சேர்ந்து 0.3 மி.மீ. எடுத்துவிட்டால் டேபிள் அவ்வளவு இறங்கும். டேபிள் முனை பிராக்கெட்டுகளில் தொங்கும் லீட் ஸ்க்ரூவும் கூடவே இறங்கும். சேடிலில் நிற்கும் நட் மட்டும் பழைய உயரத்தில் இருக்கும். நட் முனை பிராக்கெட்டுக்கு அருகே வரும்போது ஸ்க்ரூ வளைந்து ஹேண்டில் கனக்கும். நட் பிராக்கெட் உட்காரும் முகத்தில் அதே அளவு எடுக்க வேண்டும். அல்லது சேடிலின் முகத்தைக் கூடுதலாக இறக்கி டர்சைட் (உராய்வு குறைந்த பிளாஸ்டிக்) பட்டை ஒட்டி உயரத்தைத் திருப்பிக் கொண்டுவரலாம். 0.8 மி.மீ. பட்டை கிடைக்கும். ஒட்டியபின் எண்ணெய்ப் பள்ளத்தை அதில் வெட்டி, அதையும் ஸ்க்ரேப் செய்துதான் முடிக்க வேண்டும். பள்ளத்தின் அடியில் பட்டையை முழுக்க அறுத்துவிடக்கூடாது, எண்ணெய் பசைக்குள் புகுந்து பட்டை கழன்றுவிடும்.

ஒன்-ஷாட் எண்ணெய் பம்ப்பை இழுக்கிறோம், ஆனால் டேபிள் ஓரம் காய்ந்தே கிடக்கிறது. கிரீஸ் அடித்துவிடலாமா?
– வாசகர், கிண்டி

தயவுசெய்து கிரீஸ் அடிக்காதீர்கள். எண்ணெய்க்கென்று செய்த நுண்துளையில் கிரீஸ் போனால் அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் இருக்கும் ஸ்லைடு பட்டினி கிடக்கும். மேலே பார்த்த தேய்மானம் எல்லாம் அங்கிருந்து தொடங்குவதுதான்.

எண்ணெய் போகும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்ன மீட்டர் யூனிட் இருக்கும். அதற்குள் வடிகட்டியும் வால்வும் உண்டு. குழாயின் கடைசி இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, பம்ப்பை இழுத்து, சில நிமிடம் பாருங்கள். சொட்டு வராத யூனிட்டைச் சுத்தம் செய்ய முயலாமல் மாற்றிவிடுங்கள், விலை குறைவுதான். எல்லா இடத்திலும் சொட்டு வந்தும் ஸ்லைடு காய்ந்திருந்தால், எண்ணெய்ப் பள்ளம் தூளும் பழைய எண்ணெயும் கெட்டித்து அடைந்திருக்கும். டேபிளைக் கழற்றி, மூங்கில் குச்சியாலும் மண்ணெண்ணெயாலும் தோண்டி எடுங்கள். ஏற்கெனவே யாராவது கிரீஸ் அடித்திருந்தால் குழாய்களையும் கழற்றிக் கழுவி ஏர் அடிக்க வேண்டும்.

எண்ணெய் ஐஎஸ்ஓ விஜி 68 ஸ்லைடுவே ஆயில். அதே தடிமனில் ஹைட்ராலிக் ஆயிலும் கிடைக்கும், ஆனால் அதற்கு ஒட்டிநிற்கும் குணம் இல்லை. டேபிளை 0.02 நகர்த்த நினைத்தால் முதலில் அசையாமல் நின்று பிறகு 0.05 தாவுகிறது என்றால் எண்ணெயைச் சந்தேகியுங்கள். வேலை தொடங்கும்போது ஓர் இழுப்பு, சாப்பாட்டுக்குப் பின் ஓர் இழுப்பு. ஸ்லைடு ஓரத்து ஃபெல்ட் வைப்பர் கல்லாகிவிட்டால் தூளை அதுவே உள்ளே அரைக்கும், மாற்றுங்கள்.

சென்டர் டிரில் போட்டுவிட்டு, நீள டிரில்லுக்காக 'நீ'யை இறக்கினால் துளை 0.05 தள்ளிப்போகிறது.
– வாசகர், சிட்கோ, கோவை

'நீ' தூணில் நேராக இறங்கவில்லை. ஸ்பிண்டிலில் டயல் மாட்டி, டேபிளில் ஒரு ஸ்கொயரை நிறுத்தி, 'நீ'யை 150 மி.மீ. ஏற்றி இறக்கிப் பாருங்கள். பிறகு ஒரே இடத்தில் நின்று 'நீ' லாக்கைப் பிடித்தும் விட்டும் பாருங்கள். லாக் பிடிக்கும்போது முள் 0.03, 0.05 துள்ளினால் 'நீ'யின் கிப் தளர்ந்திருக்கிறது. அதை அட்ஜஸ்ட் செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். கிப்பை வெளியே எடுக்க வேண்டி வந்தால், முதலில் 'நீ'க்கு அடியில் கனமான மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். டேபிள், சேடிலோடு சேர்ந்து பல நூறு கிலோ.

சரிசெய்யும் வரை: உயரத்தை நீள டிரில்லுக்கு ஏற்ப முதலிலேயே வைத்து லாக் செய்துவிடுங்கள். சென்டர் டிரில்லை நீள ஹோல்டரில் பிடியுங்கள். ஒரு துளையின் எல்லா வேலையும் ஒரே உயரத்தில் குவில்லாலேயே (ஹெட்டிலிருந்து ஸ்பிண்டிலை இறக்கும் குழல்) முடியட்டும்.

டிராம் செய்து போல்ட்டை இறுக்கியதும் மறுபடி 0.04 விலகிவிடுகிறது.
– வாசகர், பெருந்துறை

நாலு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காக, மூன்று கட்டமாக இறுக்குங்கள். முதல் கட்டத்தில் ஹெட் வார்ம் ஸ்க்ரூவுக்கு அசையும் அளவு பிடி மட்டும். இரண்டாவதில் பாதி இறுக்கிவிட்டு அளவு பாருங்கள். கடைசி இறுக்கத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு விலகுகிறது என்பது ஒவ்வொரு மெஷினுக்கும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். அந்த அளவுக்கு எதிர்த்திசையில் முன்கூட்டியே தள்ளி வைத்து இறுக்கினால் சைபரில் வந்து நிற்கும். டயல் 150 மி.மீ. ஆரத்தில் சுற்றட்டும், எதிரெதிர் புள்ளிகள் 300 மி.மீ. இடைவெளியில் 0.02-க்குள் ஒத்தால் போதும். டி-ஸ்லாட்டில் முனை இடறாமல் இருக்க, ஒரே கேஜ் பிளாக்கை நாலு இடத்துக்கும் நகர்த்தி அதன்மேல் அளவெடுங்கள். முதலில் டேபிளை ஆயில் ஸ்டோனால் ஒரு தடவை தேய்த்துத் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறே 0.02 காட்டிவிடும். அளக்கும்போது 'நீ' லாக் பிடித்திருக்க வேண்டும், ஸ்பிண்டிலைக் கையால்தான் சுற்ற வேண்டும்.